ஃபியூச்சராமா ஆறாவது சீசன்: எங்கிருந்து பார்ப்பது, அந்த மனமாற்றக் கணக்கு சரிதானா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான 'ஃபியூச்சராமா'வின் ஆறாவது சீசன் என்று தேடினால் ஓரிடத்தில் ஒரு எபிசோட் பட்டியலும் டிவிடி பெட்டியில் வேறொரு பட்டியலும் வருகிறதே, எது சரி, எதை முதலில் பார்ப்பது என்பது ஒன்று. அந்த சீசனில் எல்லோரும் உடல் மாறிக்கொண்டு குழம்பிப்போன பிறகு இரண்டு கூடைப்பந்து வீரர்கள் வந்து போர்டில் கணக்குப் போட்டுச் சரிசெய்கிறார்களே, அது உண்மையான கணக்கா, சும்மா கிறுக்கியதா என்பது இன்னொன்று. முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டாவதுக்குத்தான் இடம் வேண்டும்.

எண் குழப்பத்துக்குக் காரணம், இந்தத் தொடர் பலமுறை நின்று நின்று திரும்பி வந்ததுதான். ஃபாக்ஸ் சேனலில் 1999 மார்ச் 28 முதல் 2003 ஆகஸ்ட் 10 வரை 72 எபிசோடுகள் வந்தன. தயாரித்தவர்கள் அவற்றை 13, 19, 22, 18 என்று நான்கு சீசனாகச் செய்தார்கள். சேனலோ இழுத்து இழுத்து ஒளிபரப்பியதால் அவை ஐந்து சீசனாகிவிட்டன. அதன்பின் 2007 முதல் 2009 வரை நான்கு படங்கள் நேராக டிவிடியில் வந்தன. ஒவ்வொன்றையும் நான்கு துண்டாக வெட்டியதில் 16 எபிசோடுகள் கிடைத்தன. தயாரிப்புக் கணக்கில் அவைதான் ஐந்தாவது சீசன். பிறகு காமெடி சென்ட்ரல் சேனல் புதிதாக 26 எபிசோடுகள் கேட்டது. 2010 ஜூன் 24 அன்று தொடங்கி 2011 செப்டம்பர் 8 அன்று முடிந்த அந்த 26தான் ஆறாவது சீசன்.

ஆனால் அவை வருஷத்துக்கு 13 என்று பிரித்து ஒளிபரப்பப்பட்டன. ஒளிபரப்பை வைத்து எண்ணுகிறவர்களுக்குப் படங்கள்தான் ஆறாவது, அதனால் இவை ஏழாவது, எட்டாவது சீசன்கள். டிவிடி பெட்டியிலோ 'வால்யூம் 5', 'வால்யூம் 6' என்று இருக்கும். ஆக, ஒரே சரக்குக்கு மூன்று பெயர். 2023இல் ஹூலு தளத்தில் வந்ததைச் சிலர் எட்டாவது சீசன் என்றும் சிலர் பதினொன்றாவது என்றும் சொல்வது இதனால்தான். எண்ணை விட்டுவிட்டுத் தலைப்பைப் பாருங்கள். 'ரீபர்த்' என்ற எபிசோடில் தொடங்கி 'ரீஇன்கார்னேஷன்' என்ற எபிசோடில் முடிந்தால் நீங்கள் கேட்கும் சீசன் அதுதான்.

அதற்கு முன் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டுமா? வேண்டாம். ஆனால் நான்காவது படமான 'இன்டு தி வைல்ட் கிரீன் யாண்டர்' மட்டும் அவசியம். அதன் கடைசிக் காட்சியில் விண்கப்பல் ஒரு புழுத்துளைக்குள் (விண்வெளியின் குறுக்குவழிச் சுரங்கம்) பாய்கிறது, 'ரீபர்த்' அங்கிருந்தே தொடங்குகிறது. அதைப் பார்க்காமல் நேராக வந்தால் முதல் பத்து நிமிடம் தலையும் புரியாது வாலும் புரியாது.

இனி அந்த உடல்மாற்ற எபிசோட். பெயர் 'தி பிரிஸனர் ஆஃப் பெண்டா', 2010 ஆகஸ்ட் 19 அன்று வந்தது. எழுதியவர் கென் கீலர். ஹார்வர்டில் பயன்முறைக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். போர்டில் தெரிவது அவரே இந்தக் கதைக்காக நிறுவிய தேற்றம், நிரூபணமும் முழுசாகச் சரியானது. அந்த எபிசோடுக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதும் கிடைத்தது.

ஃப்ரை, லீலா, ஏமி, ஹெர்மீஸ், மருத்துவர் ஸோய்ட்பெர்க், ரோபோவான பெண்டர் எல்லோரும் பேராசிரியர் ஃபார்ன்ஸ்வர்த்திடம் வேலை செய்கிறவர்கள். கதைப்படி, பேராசிரியரும் ஏமியும் சேர்ந்து ஒரு எந்திரம் செய்கிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மனங்கள் இடம் மாறும். ஒரே ஒரு தடை: ஒருமுறை மாறிக்கொண்ட அதே இரண்டு உடல்கள் மறுபடி தங்களுக்குள் மாறிக்கொள்ள முடியாது, மூளை எதிர்ப்பு காட்டிவிடும். தடை உடல்களுக்குத்தான், மனங்களுக்கு இல்லை. காகிதத்தில் போட்டுப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். லீலாவின் மனம் எந்த உடலில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காமல், எந்த நாற்காலியில் எந்த உடல் உட்கார்ந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

அப்படி எழுதினால், எபிசோடில் நடக்கும் மாற்றங்கள் உடல் வாரியாக ஏழு. பேராசிரியர்–ஏமி, ஏமி–பெண்டர், பேராசிரியர்–லீலா, ஏமி–வாளி, ஃப்ரை–ஸோய்ட்பெர்க், வாளி–நிக்கோலாய், லீலா–ஹெர்மீஸ். வாளி என்பது தரை துடைக்கும் ரோபோ வாளி. நிக்கோலாய் என்பவர் ரோபோ ஹங்கேரியப் பேரரசின் சக்கரவர்த்தி, அவருடைய கிரீடத்தைத் திருடத்தான் பெண்டர் இவ்வளவு பாடுபடுகிறது.

இந்த ஏழும் முடிந்ததும் யார் உடலில் யார் மனம் என்று பார்ப்போம். பேராசிரியர் உடலில் லீலாவின் மனம். லீலா உடலில் ஹெர்மீஸ். ஹெர்மீஸ் உடலில் ஏமி. ஏமி உடலில் வாளி. வாளி உடலில் நிக்கோலாய். நிக்கோலாய் உடலில் பெண்டர். பெண்டர் உடலில் பேராசிரியர். சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது: ஏழு பேர் கொண்ட ஒரு வளையம். தனியாக ஃப்ரை உடலில் ஸோய்ட்பெர்க், ஸோய்ட்பெர்க் உடலில் ஃப்ரை: இரண்டு பேர் கொண்ட இன்னொரு வளையம். எத்தனை பேர் எப்படிக் குழம்பினாலும் கடைசியில் இப்படிச் சில வளையங்களாகத்தான் பிரியும். இதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கீலரின் தேற்றம் சொல்வது இதுதான்: எந்தக் குழப்பமானாலும், எந்திரத்தில் இதுவரை உட்காராத இரண்டு பேரைக் கூட்டி வந்தால் எல்லோரையும் அவரவர் உடலுக்குத் திருப்பிவிடலாம். எபிசோடில் அந்த இரண்டு பேர் ஸ்வீட் கிளைடும் பபிள்கம் டேட்டும். குளோப்டிராட்டர்ஸ் அணி வீரர்கள். பழைய எபிசோடுகளிலிருந்தே அந்த அணி கூடைப்பந்தோடு அறிவியலிலும் புலிகளாக வருகிறது.

ஏன் இரண்டு பேர், ஒருவர் போதாதா? ஃப்ரையும் ஸோய்ட்பெர்க்கும் மட்டும் மாறியிருக்கிறார்கள், கிளைட் ஒருவர்தான் உதவிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று உடல்களில் மூன்று ஜோடிகள்தான் சாத்தியம். அதில் ஃப்ரை–ஸோய்ட்பெர்க் தீர்ந்துபோன ஜோடி. மிச்சம் ஃப்ரை–கிளைட், ஸோய்ட்பெர்க்–கிளைட் என்று இரண்டே. ஒன்றை மட்டும் செய்தால் கிளைடும் குழப்பத்துக்குள் வந்துவிடுவார். இரண்டையும் செய்தால், எந்த வரிசையில் செய்தாலும், யாரோ இருவர் தவறான உடலில் மாட்டிக்கொள்வார்கள். மூன்றாவது மாற்றுக்கு ஜோடியே இல்லை. டேட் வந்ததும் புதிதாக மூன்று ஜோடிகள் கிடைக்கின்றன, வழி திறக்கிறது.

ஒரு வளையத்தை அவிழ்க்கும் முறை இது. வளையத்தை ஒரே வரிசையாக எழுதுங்கள்: ஒவ்வொரு உடலுக்கும் அடுத்து எழுதும் ஆள், அந்த உடலுக்குள் இருக்கும் மனத்தின் சொந்தக்காரர். அந்த வரிசையை எங்காவது இரண்டாக வெட்டுங்கள். முதல் பாதியில் உள்ள உடல்கள் ஒவ்வொன்றும் வரிசைப்படி கிளைடோடு மாறட்டும். இரண்டாம் பாதி வரிசைப்படி டேட்டோடு மாறட்டும். கடைசியில் முதல் பாதியின் தலையாள் டேட்டோடும், இரண்டாம் பாதியின் தலையாள் கிளைடோடும் மாற வேண்டும். வளையத்தில் உள்ள எல்லோரும் வீடு சேர்ந்துவிடுவார்கள். செலவு, வளையத்தின் ஆட்களைவிட இரண்டு மாற்று அதிகம். பக்கவிளைவு ஒன்று உண்டு: கிளைடும் டேட்டும் தங்களுக்குள் உடல் மாறிப்போயிருப்பார்கள்.

அடுத்த வளையத்தை அவிழ்க்கும்போது அவர்கள் மறுபடி மாறிச் சரியாகிவிடுவார்கள். எனவே வளையங்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் கவலை இல்லை. ஒற்றைப்படை என்றால் கடைசியாகக் கிளைடும் டேட்டும் ஒரே ஒரு முறை நேருக்கு நேர் மாறிக்கொண்டால் முடிந்தது. அதனால்தான் அவர்கள் இருவரும் முன்கூட்டியே தங்களுக்குள் மாறிப் பார்த்துவிடக் கூடாது. அந்த ஒரு ஜோடியைக் கடைசி வரை கைவசம் வைத்திருக்க வேண்டும்.

நம் கணக்குக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். முதலில் சின்ன வளையம்:

1. ஃப்ரை–கிளைட்
2. ஸோய்ட்பெர்க்–டேட்
3. ஸோய்ட்பெர்க்–கிளைட்
4. ஃப்ரை–டேட்

ஃப்ரை, ஸோய்ட்பெர்க் இருவரும் சரி. கிளைடும் டேட்டும் மாறியிருக்கிறார்கள். இனி பெரிய வளையம். பேராசிரியர், லீலா, ஹெர்மீஸ், ஏமி முதல் பாதி. வாளி, நிக்கோலாய், பெண்டர் இரண்டாம் பாதி.

5. பேராசிரியர்–கிளைட்
6. வாளி–டேட்
7. லீலா–கிளைட்
8. நிக்கோலாய்–டேட்
9. ஹெர்மீஸ்–கிளைட்
10. பெண்டர்–டேட்
11. ஏமி–கிளைட்
12. பேராசிரியர்–டேட்
13. வாளி–கிளைட்

பதின்மூன்று மாற்றுகள், ஒரு ஜோடிகூட இரண்டு முறை வரவில்லை. எபிசோடில் கடகடவென்று ஓடிப்போகும் காட்சியும் இதே பதின்மூன்றுதான். கையால் சரிபார்க்க விரும்பினால் பதினோரு டம்ளர், பதினோரு துண்டுச் சீட்டு போதும். டம்ளரில் உடலின் பெயர், சீட்டில் மனத்தின் பெயர். ஒவ்வொரு வரிக்கும் அந்த இரண்டு டம்ளர்களின் சீட்டுகளை இடம் மாற்றுங்கள். இடையில் தப்பினால் பெரும்பாலும் தவறு வளையத்தைத் தலைகீழாக எழுதியதில்தான் இருக்கும். பேராசிரியர் உடலில் லீலாவின் மனம் என்றால் பேராசிரியருக்கு அடுத்து லீலா வர வேண்டும். லீலாவுக்கு அடுத்து பேராசிரியரை எழுதிவிட்டால் ஏழாவது வரியிலேயே கணக்கு கோணிக்கொள்ளும்: லீலாவுக்கு லீலாவின் மனம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ இருப்பார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இந்தக் குறிப்பிட்ட குழப்பத்துக்கு அந்த இரண்டு வீரர்கள் தேவையே இல்லை. ஃப்ரையும் ஸோய்ட்பெர்க்கும் தங்களுக்குள் மாறினார்களே தவிர, பெரிய வளையத்தின் ஏழு பேரில் ஒருவரோடும் எந்திரத்தில் உட்காரவில்லை. அந்த ஏழு பேருக்கும் இவர்கள் இருவரும் புதியவர்கள்தான். அதோடு, நான்காவது வரி முடிந்தபோது கிளைடும் டேட்டும் இருந்த அதே நிலையில், அதாவது ஒருவர் உடலில் மற்றவர் மனமாக, இவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆகவே முதல் நான்கு வரிகளை அடித்துவிடுங்கள். ஐந்து முதல் பதின்மூன்று வரை கிளைட் என்ற இடத்தில் ஃப்ரையையும் டேட் என்ற இடத்தில் ஸோய்ட்பெர்க்கையும் போடுங்கள். ஒன்பதே மாற்றில் ஒன்பது பேரும் வீடு சேர்ந்துவிடுவார்கள்.

ஒன்பதுக்கும் குறைவாக முடியுமா? முடியாது, காரணம் எளிது. ஒவ்வொரு மாற்றும் ஒன்று ஒரு வளையத்தை இரண்டாகப் பிரிக்கும், அல்லது இரண்டு வளையங்களை ஒன்றாக்கும். இப்போது இருப்பது இரண்டு வளையம். எல்லோரும் சரியானால் ஒன்பது தனி ஆட்கள், அதாவது ஒன்பது ஒற்றை வளையங்கள். இரண்டிலிருந்து ஒன்பதுக்குப் போகக் குறைந்தது ஏழு பிரிப்புகள் வேண்டும். ஏழோடு முடிய வேண்டுமானால் இணைப்பு ஒன்றுகூட வரக் கூடாது. அப்படியானால் ஃப்ரை–ஸோய்ட்பெர்க் வளையத்தை அவர்கள் இருவரும் நேராக மாறித்தான் பிரிக்க முடியும். அந்த ஜோடிதான் தடைபட்டது. ஆக ஓர் இணைப்பாவது வந்தே தீரும், அதை ஈடுகட்ட எட்டுப் பிரிப்பு. மொத்தம் ஒன்பது.

இதனால் கீலரின் தேற்றத்துக்குக் குறைவு ஒன்றும் இல்லை. யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்ற பட்டியல் தொலைந்துபோனாலும், இப்போது யார் உடலில் யார் என்று தெரிந்தால் போதும், புதியவர்கள் இருவரைக் கொண்டு தீர்த்துவிடலாம். பழைய ஜோடி ஒன்றில் தெரியாமல் போய் இடித்துக்கொள்ளும் ஆபத்தே கிடையாது. அதுதான் அதன் பலம். ஒன்பது மாற்று வழிக்கு அந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

கணித உலகமும் இதை விடவில்லை. 2014இல் 'அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மன்த்லி' இதழில் மூன்று ஆய்வாளர்கள் இதையே எடுத்துக்கொண்டு, இரண்டு புதியவர்களை வைத்துத் தீர்ப்பதற்கு மிகக் குறைந்த மாற்றுகள் எத்தனை என்று நிறுவினார்கள். மாறிப்போன ஆட்களின் எண்ணிக்கை, வளையங்களின் எண்ணிக்கை, அதோடு இரண்டு. நம் கணக்கில் 9 + 2 + 2 = 13. எனவே எபிசோடில் வருவதும் மிகக் குறைந்ததுதான். வளையங்கள் மூன்றைத் தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். ஆறு பேர் மூன்று ஜோடியாக மாறியிருந்தால் கீலர் வழியில் 13 ஆகும், இவர்கள் வழியில் 11.

இதே சீசனின் 'பெண்டராமா' (2011 ஜூன் 23) எபிசோடிலும் கணக்குதான் கதையை ஓட்டுகிறது. ஒரு பொருளைப் போட்டால் அதைவிடச் சிறிதாக இரண்டு நகல்கள் வரும் எந்திரம். பெண்டர் தன்னையே நகலெடுக்கிறது, நகல்கள் தங்களை நகலெடுக்கின்றன, பேராசிரியர் ஒரு கூட்டுத்தொடரைக் காட்டிப் பதறுகிறார். அந்தத் தொடரைச் சுருக்கினால் முதல் பெண்டரின் எடை ஒன்று, அடுத்த தலைமுறை மொத்தமும் சேர்ந்து அதில் பாதி, அதற்கடுத்தது மூன்றில் ஒரு பங்கு, பிறகு கால் பங்கு என்று போகும். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனாலும் இந்தக் கூட்டுத்தொகைக்கு எல்லை கிடையாது. காகிதத்தில் அவர் பதறுவது நியாயம்.

ஆனால் அது எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பாருங்கள். முதல் எடையின் பத்து மடங்கைத் தாண்டவே 12,367 தலைமுறைகள் வேண்டும். பெண்டரை 100 கிலோ என்று வைத்தால், 84ஆவது நகலெடுப்பிலேயே ஒரு நகல் ஓர் இரும்பு அணுவைவிட லேசாகிவிடும். அதுவரையிலான மொத்த எடை சுமார் 500 கிலோ. பொருளாலான உலகத்தில் எந்திரம் அங்கேயே நின்றுபோகும். எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் கதையில் பூமிக்கு ஆபத்து எடையால் வருவதில்லை. மூலக்கூறு அளவுக்குச் சிறுத்த பெண்டர்கள் தண்ணீரைச் சாராயமாக மாற்றுவதால் வருகிறது.

ஒரு விதியை வைத்துவிட்டு அதைக் கடைசி வரை காப்பாற்றுவதுதான் இந்த சீசனின் நல்ல எபிசோடுகளில் உள்ள ரகசியம். 'தி லேட் பிலிப் ஜே. ஃப்ரை'யில் கால எந்திரம் முன்னோக்கி மட்டுமே போகும். ஒரு நிமிடம் தள்ளிப் போகப் பார்த்தவர்கள் கை தவறி 10,000ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறார்கள், லீலாவின் பிறந்தநாள் விருந்துக்குத் திரும்ப வழி இல்லை. சில்லறைக் குறுக்குவழி எதுவும் எடுக்காமல், முன்னோக்கியே போய்ப் பிரபஞ்சத்தின் முடிவையும் தாண்டித்தான் கதை தீர்கிறது. குகை விதானத்தில் லீலா துப்பாக்கியால் சுட்ட துளைகளிலிருந்து சொட்டும் நீர் தரையில் எழுத்துகளாக வளரும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். நிஜக் குகைகளில் இந்த வளர்ச்சி வருஷத்துக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். பத்து மீட்டர் உயரக் குகையில் ஒரு லட்சம் வருஷத்தில் எழுத்து விதானத்தை முட்டிவிடும், கதை சொல்லும் நூறு கோடி வருஷத்துக்குத் தாங்காது. இருந்தாலும் அந்தக் காட்சி மனத்தைப் பிசைகிறது. இந்த எபிசோடுக்கு 2011இல் எம்மி விருது கிடைத்தது, முழுத் தகுதியோடு.

'லீதல் இன்ஸ்பெக்ஷன்' கணக்கு ஏதும் இல்லாதது, ஆனால் ஹெர்மீஸ் என்ற பாத்திரத்தை இதற்குப் பிறகு பழையபடி பார்க்க முடியாது. முடிவை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். 'தி டிப் ஆஃப் தி ஸோய்ட்பெர்க்'கும் அப்படியே: இவ்வளவு மோசமான மருத்துவரைப் பேராசிரியர் ஏன் வேலையில் வைத்திருக்கிறார் என்ற பழைய கேள்விக்கு அதில் பதில் வருகிறது. 'ரீஇன்கார்னேஷன்' மூன்று குட்டிக் கதைகள். ஒன்று கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் பாணி, ஒன்று பழைய வீடியோ கேம், ஒன்று ஜப்பானிய அனிமே.

நேரம் குறைவென்றால் 'நியூடோபியா'வையும் 'தட் டார்ன் காட்ஸ்!' எபிசோடையும் விட்டுவிடலாம். 'அட்டாக் ஆஃப் தி கில்லர் ஆப்' 2010ஆம் ஆண்டின் செல்போன் மோகத்தைக் கிண்டல் செய்தது, இப்போது பழசாகத் தெரிகிறது. மற்றபடி எபிசோடுகள் தனித்தனிக் கதைகள் என்பதால் வரிசை மாறினாலும் நஷ்டமில்லை. 'ரீபர்த்' மட்டும் முதலில் வரட்டும். 'ஓவர்கிளாக்வைஸ்' எபிசோடைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அதன் பிறகு 'ரீஇன்கார்னேஷன்' பாருங்கள். ஃப்ரை, லீலா இருவரின் கதை இந்த சீசனில் போய் நிற்கும் இடம் 'ஓவர்கிளாக்வைஸ்'தான். 2012 ஜூன் 20 அன்று தொடங்கிய ஏழாவது சீசனின் 26 எபிசோடுகள் அதற்கு அடுத்து வருபவை.